டயர் போயிடுச்சுனு சொல்றாங்களா... மாத்தலாமா, இன்னும் ஓட்டலாமா?

காரை சர்வீஸுக்கு விட்டுட்டு வீட்டுக்கு வந்து காபி குடிக்கிறதுக்குள்ள போன் வரும். ''சார், முன்னாடி ரெண்டு டயரும் போயிடுச்சு. மாத்திடலாமா?'' சிலர் பயந்துபோய் உடனே சரி என்பார்கள். சிலர் ''தீபாவளி வரைக்கும் தாங்கும், அப்புறம் பார்த்துக்கலாம்'' என்று தள்ளிப்போடுவார்கள். இந்த இரண்டு பேருமே டயரைக் குனிந்து பார்க்கவில்லை. முதல் ஆளுக்குப் பணம் நஷ்டம். இரண்டாவது ஆளுக்கு என்ன நஷ்டம் என்பது, ஐப்பசி மழையில் திண்டிவனம் பக்கம் 90-ல் போகும்போதுதான் தெரியும்.

டயர் விஷயத்தில் காசு மிச்சம் பிடிக்க தள்ளுபடியைத் தேடி அலைவதைவிட, உங்க டயரை நீங்களே படிக்கத் தெரிந்துகொள்வதுதான் நல்ல வழி. அஞ்சு நிமிஷ வேலைதான். மெக்கானிக்காக இருக்க வேண்டியதில்லை.

குனிஞ்சு பாருங்க

டயரின் பள்ளங்களுக்கு (கடைக்காரர்கள் 'பட்டன்' என்றும் சொல்வார்கள்) நடுவே, குறுக்காகச் சின்னச் சின்ன ரப்பர் மேடுகள் இருக்கும். கண்ணில் படவில்லை என்றால், டயரின் ஓரத்தில் ஒரு சிறிய முக்கோணமோ, 'டி.டபிள்யூ.ஐ' என்ற எழுத்தோ இருக்கிறதா என்று தேடுங்கள். அதற்கு நேராக உள்ளே பார்த்தால் மேடு தெரியும். அதன் உயரம் 1.6 மில்லி மீட்டர். டயர் தேய்ந்து தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாக வந்துவிட்டால் கதை முடிந்தது. அதற்குக் கீழே போன டயரில் கார் ஓட்டக் கூடாது என்பது மத்திய மோட்டார் வாகன விதிகளிலேயே இருக்கிறது.

ஆனால், 1.6 என்பது சட்டத்துக்கான கணக்கு. மழைக்கு அது போதாது. டயரில் பள்ளம் போட்டிருப்பதே தண்ணீரை வாரி வெளியே தள்ளத்தான். புது கார் டயரில் சுமார் 8 மி.மீ ஆழம் இருக்கும். அது குறையக் குறைய, வேகமாகப் போகும்போது தண்ணீர் வெளியேற வழியில்லாமல் டயருக்கு அடியிலேயே தங்கிவிடும். கார் அதன்மேல் மிதக்க ஆரம்பிக்கும். ஸ்டீயரிங் திடீரென்று பஞ்சு மாதிரி லேசாகிவிட்டால் அதுதான் அடையாளம். அந்த நேரத்தில் பிரேக்கும் கேட்காது, ஸ்டீயரிங்கும் கேட்காது. ஆக்ஸிலரேட்டரில் இருந்து காலை மெதுவாக எடுத்துவிட்டு, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

அதனால் நமக்கு எல்லைக்கோடு 3 மி.மீ என்று வைத்துக்கொள்ளுங்கள். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் ஆரம்பித்துவிடும். செப்டம்பரில் அளந்து பார்த்து 3 மி.மீக்குப் பக்கத்தில் இருந்தால், மழைக்கு முன்னாடியே மாற்றிவிடுங்கள். டயர் வழவழப்பாகி, ஊரே மழையில் நிற்கும்போது கடைக்கு ஓடினால், இருக்கிற டயரைச் சொல்கிற விலைக்குத்தான் வாங்கிக்கொண்டு வர வேண்டும்.

பள்ளத்தை அளக்க 'ட்ரெட் டெப்த் கேஜ்' என்று ஒரு சின்னக் கருவி ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறது. இதை வைத்து ஒரு கணக்கு போடலாம். 30,000 கி.மீ ஓடிய டயரில் 4 மி.மீ மிச்சம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எட்டில் நான்கு தேய்ந்திருக்கிறது. அதாவது, 7,500 கி.மீக்கு 1 மி.மீ. 3 மி.மீக்கு வர இன்னும் 7,500 கி.மீ இருக்கிறது. மாசத்துக்கு 600 கி.மீ ஓட்டுகிறவருக்கு அது ஒரு வருஷம். அப்படிப்பட்டவருக்கு சர்வீஸ் சென்டரில் இருந்து 'டயர் போயிடுச்சு' என்று போன் வந்தால், ''எத்தனை மில்லி மீட்டர் இருக்குங்க? அளந்து ஒரு போட்டோ அனுப்புங்க'' என்று கேட்டால் போதும். நிஜமாகவே போயிருந்தால் அனுப்புவார்கள்.

தேய்மானம் சொல்லும் சேதி

அளக்கும்போது ஒரே இடத்தில் அளக்காதீர்கள். உள் ஓரம், நடு, வெளி ஓரம் என்று மூன்று இடத்தில் பாருங்கள். முன் டயர் என்றால் ஸ்டீயரிங்கை முழுசாக ஒரு பக்கம் ஒடித்து வைத்துவிட்டுப் பார்த்தால் உள் ஓரமும் தெரியும். பலரும் கோட்டைவிடுவது இந்த உள் ஓரத்தில்தான். வெளியே நின்று பார்த்தால் டயர் ஜம்மென்று இருக்கும். உள்ளே கம்பி தெரிகிற அளவுக்குப் போயிருக்கும்.

நடுவில் மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். இரண்டு ஓரமும் தேய்ந்து நடு நன்றாக இருந்தால் காற்று குறைவு. ஒரு ஓரம் மட்டும் போயிருந்தால் அலைன்மென்ட் சரியில்லை. அங்கங்கே மேடும் பள்ளமுமாக இருந்தால் பேலன்சிங்கையோ சஸ்பென்ஷனையோ பார்க்கச் சொல்லுங்கள். இது எதையும் சரிசெய்யாமல் புது டயரை மட்டும் மாட்டினால், அதே நோய் புது டயரையும் தின்னும்.

நான்கு டயருக்கு 20,000 ரூபாய் செலவானது என்று வைத்துக்கொள்வோம். 40,000 கி.மீ ஓடினால் கிலோமீட்டருக்கு 50 பைசா. அலைன்மென்ட் கெட்டுப்போய் அதே டயர் 25,000 கி.மீயில் முடிந்தால் 80 பைசா. கடையில் நின்று பேரம் பேசி 500 ரூபாய் குறைப்பதைவிட, இந்த 30 பைசாவில்தான் பெரிய பணம் இருக்கிறது.

காற்றின் அளவு டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் இருக்கும். டயரின் பக்கவாட்டில் போட்டிருக்கும் பி.எஸ்.ஐ, டயர் தாங்கக்கூடிய அதிகபட்ச அளவு. அது உங்க காருக்கான அளவு இல்லை. பெட்ரோல் பங்க்கில் கேட்காமலே எல்லா காருக்கும் ஒரே அளவு வைத்துவிடுவார்கள். நீங்கள் வாயைத் திறந்து அளவைச் சொல்லுங்கள். டயர் சூடாவதற்கு முன், காலையில் பிடிப்பதுதான் சரி. நைட்ரஜனா, சாதா காற்றா என்று ரொம்ப யோசிக்க வேண்டாம். சாதா காற்றிலேயே 78 சதவிகிதம் நைட்ரஜன்தான்.

காற்று குறைவாக இருக்கும் டயர் தேய்வதோடு நிற்காது. ஓட ஓடப் பக்கவாட்டு மடிந்து மடிந்து நிமிர்ந்து, உள்ளுக்குள் சூடேறும். சித்திரை வெயிலில் நாலு பேரையும் சாமானையும் ஏற்றிக்கொண்டு நான்கு வழிச்சாலையில் போகும்போது டயர் வெடிப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். வெடித்தால் பிரேக்கை ஓங்கி மிதிக்கக் கூடாது. ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்து, வேகம் தானாகக் குறையவிட்டு ஓரம் கட்டணும்.

தேயலைன்னாலும் வயசாகும்

வாரத்துக்கு ஒருமுறை கோயிலுக்கும் மாமியார் வீட்டுக்கும் மட்டும் போகிற கார்கள் நம் ஊரில் நிறைய. அந்த டயர்களில் பட்டன் அப்படியே இருக்கும். ஆனால் வெயிலிலும் மழையிலும் நின்று நின்று ரப்பர் இறுகியிருக்கும். டயரின் பக்கவாட்டில் 'டி.ஓ.டி' என்று ஆரம்பிக்கும் வரியின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2319 என்று இருந்தால், 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது. இந்த எண் சில நேரம் டயரின் உள்பக்கம் மட்டும் இருக்கும். வெளியே இல்லை என்றால் குனிந்து பாருங்கள்.

தயாரித்து 5 வருஷம் தாண்டினால் வருஷத்துக்கு ஒருமுறை தெரிந்தவரிடம் காட்டணும். எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும் 10 வருஷத்துக்கு மேல் வேண்டாம் என்பது டயர் நிறுவனங்களே சொல்வது. நம் வெயிலுக்கு நான் ஆறேழு வருஷத்திலேயே யோசிக்கச் சொல்வேன். பக்கவாட்டில் மயிரிழை போல வெடிப்புகள் தெரிந்தால் யோசிக்கவும் வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

காத்திருக்கவே கூடாத இன்னொன்று, பக்கவாட்டில் கொழுக்கட்டை மாதிரி ஒரு வீக்கம். பள்ளத்தில் வேகமாக இறக்கும்போது டயருக்குள் இருக்கும் நூலிழைகள் அறுந்துபோனதன் அடையாளம் அது. வாங்கி ஒரு மாசம் ஆன டயராக இருந்தாலும் சரி, அதில் நெடுஞ்சாலைக்குப் போகாதீர்கள். பக்கவாட்டில் ஏற்படும் பஞ்சரும் ஒட்டக் கூடாத பஞ்சர்தான்.

இதையெல்லாம் யாரிடம் காட்டுவது? என்னைக் கேட்டால், உங்க தெரு முனை பஞ்சர் கடைக்காரர். அவர் புது டயர் விற்பதில்லை. அதனால் உங்களை பயமுறுத்தி அவருக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. அடுத்த முறை பஞ்சர் ஒட்டும்போது, டயர் கழற்றியிருக்கும் நேரத்தில், ''அண்ணே, இந்த டயரை வெச்சு திருநெல்வேலி போயிட்டு வரலாமா?'' என்று கேட்டுப் பாருங்கள். உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டுச் சொல்வார்.

ரெண்டா, நாலா?

நான்கையும் ஒரே நேரத்தில் மாற்றப் பணம் இல்லையா? பரவாயில்லை, இரண்டு இரண்டாக மாற்றலாம். ஒன்று மட்டும் மாற்றுவதுதான் கூடாது; ஒரே அச்சில் இருக்கும் இரண்டு டயரும் ஒரே அளவு, ஒரே பிராண்டு, ஒரே டிசைனாக இருக்கணும். நான்கு சக்கரத்துக்கும் சக்தி போகும் ஃபோர் வீல் டிரைவ் வண்டி என்றால் நான்கையும் சேர்த்துத்தான் மாற்றணும்.

புது டயர் இரண்டையும் எங்கே மாட்டுவது? கடையில் பெரும்பாலும் முன்னால்தான் மாட்டுவார்கள். 'இன்ஜின் இழுக்கறது முன் சக்கரத்தைத்தானே' என்பார்கள். கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் டயர் நிறுவனங்கள் சொல்வது நேர் எதிர்: புது டயர் பின்னால். ஈரச் சாலையில் முன் சக்கரம் பிடி விட்டால் கார் நேராகப் போகப் பார்க்கும். வேகத்தைக் குறைத்து ஓரளவு சமாளிக்கலாம். பின் சக்கரம் பிடி விட்டால் கார் பம்பரமாகச் சுற்றிவிடும். அதைச் சமாளிக்க நம்மில் யாருக்கும் பயிற்சி இல்லை. ''பின்னாடி போடுங்க'' என்று நீங்களே சொல்லுங்கள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும்.

இதில் சிக்கனமும் இருக்கிறது. பாதி தேய்ந்தது முன்னால் வந்து மிச்சமும் தேய்ந்து முடியும்போது, பின்னால் இருப்பதை முன்னால் கொண்டுவந்து, புதுசு இரண்டைப் பின்னால் போடலாம். ஒரே நேரத்தில் பெரிய தொகை கையை விட்டுப் போகாது.

ஸ்டெப்னியை மறந்துவிடாதீர்கள். (வேல்ஸ் நாட்டில் லானெத்லி என்ற ஊரின் ஸ்டெப்னி தெருவில் 1904-ல் உதிரிச் சக்கரம் செய்ய ஆரம்பித்தார்கள். அந்தத் தெருவின் பெயர்தான் நம்ம ஊர் மெக்கானிக் ஷெட் வரை வந்து நிற்கிறது.) மற்ற நான்கைப் போலவே அதே அளவு டயரும் ரிம்மும் இருக்கும் ஸ்டெப்னி என்றால், முதல் நாளில் இருந்தே அதையும் சேர்த்து, 10,000 கி.மீக்கு ஒருமுறை இடம் மாற்றிக்கொண்டே வாருங்கள். நான்கு டயரில் 40,000 கி.மீ ஓடும் கார், ஐந்தையும் சுழற்றினால் 50,000 ஓடும். இல்லாவிட்டால் டிக்கிக்குள் ஏழு வருஷம் சும்மா கிடந்து வயசாகிப் போகும். சில கார்களில் ஒல்லியான தற்காலிக ஸ்டெப்னி கொடுப்பார்கள். அது பஞ்சர் கடை வரை போவதற்கு மட்டும். அதன்மேல் எழுதியிருக்கும் வேக வரம்பு விளையாட்டுக்கு எழுதியதில்லை.

எங்கே வாங்கலாம்?

கடைக்குப் போகும் முன் உங்க டயரின் அளவைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். 185/65 ஆர்15 88ஹெச் என்று இருந்தால், அகலம் 185 மி.மீ, பக்கவாட்டு உயரம் அதில் 65 சதவிகிதம், ரிம் 15 இன்ச், 88 என்பது ஒரு டயர் 560 கிலோ தாங்கும் என்பதற்கான குறியீடு, ஹெச் என்றால் மணிக்கு 210 கி.மீ வேகம் வரை. முதல் மூன்றும் அப்படியே இருக்கணும். கடைசி இரண்டும் கூடலாம், குறையக் கூடாது. 'அகலமா போட்டா கெத்தா இருக்கும் சார்' என்பதற்கு மயங்கினால், மைலேஜும் போகும், ஸ்டீயரிங்கும் கனக்கும்.

விலையைக் குறைந்தது மூன்று இடத்தில் கேளுங்கள். நிறுவனத்தின் சொந்த ஷோரூம், பல பிராண்டு விற்கும் டீலர், ஆன்லைன். சென்னையில் இருப்பவர்கள் அண்ணா சாலையை ஒட்டிய ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டை ஒரு நடை சுற்றி வரலாம். பக்கத்துக் கடை விலை உங்களுக்குத் தெரியும் என்று தெரிந்தாலே பேச்சு மாறிவிடும். வேறு ஊர் என்றால், ஸ்டாண்டில் நிற்கும் கால் டாக்ஸி டிரைவர் இரண்டு பேரிடம் கேளுங்கள். அவர்களுக்கு டயர்தான் பிழைப்பு. எந்தக் கடையில் விலை நியாயம், எங்கே அலைன்மென்ட் சுத்தம் என்று கூகுளைவிட நன்றாகச் சொல்வார்கள். கார் சர்வீஸ் சென்டரில் மாற்றுவது வசதிதான். வசதிக்கு விலை இருக்கும்.

கேட்கும்போது 'டயர் என்ன விலை' என்று கேட்காதீர்கள். ''மாட்டி, வால்வு மாத்தி, பேலன்சிங், அலைன்மென்ட் எல்லாம் சேர்த்து, பில்லோட கைக்கு எவ்வளவு?'' என்று கேளுங்கள். ஒரு கடையில் டயர் 200 ரூபாய் குறைவாக இருக்கும். பேலன்சிங் எடைக்கு கிராம் கணக்கில் தனியாகப் போட்டு, மொத்தத்தில் முன்னால் கேட்ட கடையைத் தாண்டிவிடுவார்கள். பழைய டயருக்கும் சில நூறு ரூபாய் கிடைக்கும். நீங்கள் கேட்டால்தான் கழிப்பார்கள்.

2025 செப்டம்பர் 22-ல் இருந்து கார் டயருக்கான ஜி.எஸ்.டி 28 சதவிகிதத்தில் இருந்து 18 ஆகக் குறைந்திருக்கிறது. வரிக்கு முன் 4,000 ரூபாய் விலையுள்ள டயர் அதற்கு முன் 5,120 ரூபாய், இப்போது 4,720. நான்கு டயருக்கு 1,600 ரூபாய் வித்தியாசம். பில்லில் 18 சதவிகிதம்தான் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். 'பில் வேணாம்னா குறைச்சுத் தர்றேன்' என்பவரிடம் வாங்காதீர்கள். டயரில் தயாரிப்புக் குறை இருந்தால் வாரன்ட்டி கேட்க அந்தத் தாள்தான் ஆதாரம்.

எந்த பிராண்டு? திருவொற்றியூரில் 1946-ல் பலூன் செய்யும் சின்னப் பட்டறையாக ஆரம்பித்த எம்.ஆர்.எஃப்பில் இருந்து, ஒரகடத்தில் ஆலை வைத்திருக்கும் அப்போலோ வரை ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். பிராண்டைவிட உங்க ஓட்டம் முக்கியம். வருஷத்துக்கு 6,000 கி.மீ மட்டும் ஓட்டுகிறவர், '60,000 கி.மீ உழைக்கும்' என்ற டயரைத் தேடி வாங்குவதில் அர்த்தமில்லை. அது தேய்வதற்குள் பத்து வருஷம் ஆகிவிடும், ரப்பருக்கு வயசாகிவிடும். அவருக்கு ஈரத்தில் நன்றாகப் பிடிக்கும் டயர்தான் லாபம். வருஷத்துக்கு 25,000 ஓட்டுகிறவர் உழைப்பைப் பார்த்து வாங்கட்டும். எதுவானாலும் ஐ.எஸ்.ஐ முத்திரை இருக்கணும். தயாரிப்பு வாரத்தை மாட்டுவதற்கு முன் பாருங்கள். ஒரு வருஷத்துக்கு மேல் பழையதாக இருந்தால் வேறு கேளுங்கள், இல்லையா, விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். ஆன்லைனில் வாங்கினாலும் இதே கதைதான்.

செகண்ட்ஹேண்ட் டயர் பற்றியும் சொல்லணும். புதுப்பேட்டை மாதிரி இடங்களில் பாதி விலைக்கும் கீழே கிடைக்கும். பளபளவென்று கறுப்பு பாலிஷ் போட்டு வைத்திருப்பார்கள். தேய்ந்த டயரில் புதுசாகப் பள்ளம் வெட்டி விற்பதும் உண்டு. அந்த டிசைனில் ரப்பர் மேடு காணாமல் போயிருந்தால் சந்தேகப்படுங்கள். அதைவிடப் பெரிய பிரச்னை, அந்த டயர் எந்தப் பள்ளத்தில் விழுந்தது, எவ்வளவு தூரம் காற்றில்லாமல் ஓடியது என்பது யாருக்கும் தெரியாது. பஸ்ஸுக்கும் லாரிக்கும் ரீட்ரெட் சரி. காருக்கு வேண்டாம். பணம் அவ்வளவு நெருக்கடி என்றால், புதுசாக இரண்டே இரண்டு வாங்கிப் பின்னால் போடுங்கள். மழைக்காலம் முடியும்வரை 70-ஐத் தாண்டாதீர்கள்.

இன்ஷூரன்ஸ் கொடுக்குமா என்று கேட்பவர்களுக்கு: சாதாரண பாலிசியில் டயர் மட்டும் வெடித்தாலோ கிழிந்தாலோ பணம் வராது. விபத்தில் காரும் சேர்ந்து சேதமானால் டயர் விலையில் பாதி வரை கிடைக்கும். டயருக்குத் தனியாக ஆட்-ஆன் இருக்கிறது. மோசமான சாலையில் தினமும் போகிறவர்கள் ரெனியூவல் நேரத்தில் விசாரித்துப் பார்க்கலாம்.

புது டயர் மாட்டிய முதல் 200, 300 கி.மீ கொஞ்சம் நிதானமாகப் போங்கள். மேலே இருக்கும் வழவழப்பு போன பிறகுதான் முழுப் பிடிமானம் வரும். 50 கி.மீ ஓடியதும் வீல் நட்டுகளை ஒருமுறை இறுக்கச் சொல்லுங்கள். மாட்டிய தேதியையும் கிலோமீட்டரையும் பில்லின் பின்னால் எழுதி, ஆர்.சி புக்கோடு வைத்துவிடுங்கள்.

பழைய டயரைக் கடையிலேயே கொடுத்துவிட்டு வருவது நல்லது. 'எதுக்காவது ஆகும்' என்று மொட்டை மாடியில் போட்டு வைத்தால், முதல் மழைக்கே தண்ணீர் தேங்கி டெங்கு கொசு குடிவந்துவிடும். போகிக்கு எடுத்துப் போட்டு எரிப்பவர்களை மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வருஷா வருஷம் கெஞ்சிக்கொண்டிருக்கிறது.